ரீஸ்டார்ட் பண்ணா டிரைவர் போயிடுதுன்னா, போறது டிரைவர் தானான்னு முதல்ல பாருங்க

தம்பி, நீங்க எழுதினத முழுசா படிச்சேன். அப்பாவோட டிடிபி கடையில இருக்கற அசெம்பிள்டு டெஸ்க்டாப், இன்டெல் ஜி41 போர்டு, கோர் 2 டியோ, 4 ஜிபி ராம், முன்னாடி விண்டோஸ் 7 ஒழுங்கா ஓடிட்டு இருந்துச்சு, இப்போ ஒரு 120 ஜிபி எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் 10 64 பிட் ஏத்தியிருக்கீங்க, அதுல இருந்து ஒரு நாள் சவுண்டு போகுது, ஒரு நாள் நெட்டு போகுது, ஸ்கிரீன்ல எழுத்தெல்லாம் பெருசாயிடுது, ஆஃப்லைன் டிரைவர் பேக்கை (ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோட பேச வைக்கற டிரைவர் சாஃப்ட்வேரை நெட்டு இல்லாமலே மொத்தமா போடற தொகுப்பு) ஓட விட்டா எல்லாம் வந்துடுது, மறுநாள் காலையில கடை திறந்தா திரும்பவும் அதேதான். நாலு மாசமா தினமும் அரை மணி நேரம் இதுக்கே போகுதுன்னு சொன்னீங்க. வாசல்ல ஜெராக்ஸ் எடுக்க ஆள் நிக்கும்போது இது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும், பதினெட்டு வருஷமா இந்த வயசு மெஷின்களைத்தான் சர்வீஸ் பண்ணிட்டு இருக்கேன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல் வேலையா அந்த டிரைவர் பேக்கை நிறுத்துங்க. அது கெட்டதுங்கறதுக்காக சொல்லல. ஒவ்வொரு தடவையும் நீங்க அத ஓட விடும்போது எதனால போச்சுங்கற தடயம் அழிஞ்சு போயிடுது. இன்னொன்னு, அது இன்ஸ்டால் முடிச்சதும் கட்டாயம் ஒரு ரீஸ்டார்ட் கேக்கும் இல்லையா, நிறைய மெஷின்ல அந்த ரெண்டாவது ரீஸ்டார்ட்லதான் எல்லாம் சரியாகியிருக்கும், பேக் ஒண்ணுமே செஞ்சிருக்காது. நாமதான் டிரைவர் போட்டதால வந்துச்சுன்னு நினைச்சுக்குவோம். நாளைக்கு காலையில நெட்டு வரலைன்னா பேக்கை தொடாம சும்மா ஒரு தடவ ரீஸ்டார்ட் மட்டும் பண்ணிப் பாருங்க. வந்துடுச்சுன்னா உங்க பிரச்சினை டிரைவரே இல்ல, அப்போ கீழ ஹார்டுவேர் பத்தி எழுதியிருக்கறத கவனமா படிங்க.

நான் பாத்த வரைக்கும் டிரைவர் போயிடுச்சுன்னு கொண்டு வர்ற மெஷின்கள்ல நாலு வெவ்வேற விஷயம் நடக்குது. டிஸ்க்ல எழுதினதே நிக்காம போறது ஒண்ணு. டிரைவர் இருக்கும், விண்டோஸ் அத ஏத்த மாட்டேன்னு நிறுத்தி வச்சிருக்கும், அது ஒண்ணு. நீங்க போட்ட டிரைவரை எடுத்துட்டு விண்டோஸ் அப்டேட் தன்னோடத போட்டுக்கும், அது மூணாவது. நாலாவதுதான் ரொம்ப பேர் யோசிக்காதது, டிவைஸே போர்டுல எழுந்திரிக்காம இருக்கும். உங்களுக்கு சவுண்டு, நெட்டு, டிஸ்ப்ளேன்னு மூணு போகுது, அதுவும் ஒரே நாள்ல போகல, மாத்தி மாத்திப் போகுது. அத வச்சே சொல்றேன், மூணும் ஒரே நோயா இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஒரே மருந்துல எல்லாம் சரியாகணும்னு தேடறதாலதான் நாலு மாசம் போயிருக்கு.

இதுல முதல் விஷயத்த ரெண்டு நிமிஷத்துல தள்ளிடலாம். டெஸ்க்டாப்ல ஒரு நோட்பேட் ஃபைல் திறந்து இன்னைக்கு தேதியும் நேரமும் எழுதி சேவ் பண்ணுங்க. வால்பேப்பரையும் மாத்துங்க. ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஃபைலும் இல்ல, பழைய வால்பேப்பர் திரும்பி வந்துடுச்சுன்னா மெஷின் ஒவ்வொரு தடவையும் பழைய நிலைக்கே திரும்புதுன்னு அர்த்தம். எங்கிட்ட ஒருத்தர் பிரவுசிங் சென்டர் மூடும்போது வாங்கின சிஸ்டம்னு ஒண்ணு கொண்டு வந்தாரு, பிரிண்டர் டிரைவர் பதினஞ்சு தடவ போட்டேன் சார் நிக்கவே மாட்டேங்குதுன்னாரு. டாஸ்க்பார் வலது மூலையில, மணி காட்டற இடத்துக்குப் பக்கத்துல, ஒளிஞ்சிருக்கற ஐகான்களத் திறந்து பாத்தா சின்னதா ஒரு வெள்ளைக் கரடி உக்காந்திருந்துச்சு. அது டீப் ஃப்ரீஸ் சாஃப்ட்வேர். காலேஜ் லேபு, பிரவுசிங் சென்டர்ல எல்லாம் பசங்க எத போட்டாலும் ரீஸ்டார்ட் பண்ணா அழிஞ்சு போகட்டும்னு வேணும்னே போட்டு வைக்கறது. ஷிஃப்ட்டை அமுக்கிட்டு அந்தக் கரடிய டபுள் கிளிக் பண்ணா பாஸ்வேர்டு கேக்கும், வித்தவர்கிட்ட கேட்டு வாங்கி, போட்டது அழியாம நிக்கற தாடு மோடுக்கு மாத்தினப்புறம் ஒரே தடவையில டிரைவர் நின்னுடுச்சு. உங்களோடது புதுசா விண்டோஸ் போட்ட மெஷின், அதனால இது இருக்காது. ஆனா செகண்ட் ஹேண்ட் வாங்கினவங்க யாராவது இத படிச்சா முதல்ல இதத்தான் பாக்கணும்.

கரடியும் இல்ல, ஆனா ஃபைல் காணாம போகுதுன்னா எஸ்எஸ்டி மேல சந்தேகப்படுங்க. ஃபிளாஷ் மெமரி சாகும்போது சில டிரைவ் எழுத விடாம தன்னைத் தானே பூட்டிக்கும், எழுதின மாதிரியே காட்டிட்டு ரீஸ்டார்ட் பண்ணதும் பழையதையே குடுக்கறதும் உண்டு, மெமரி கார்டுல இத நிறைய பேர் பாத்திருப்பீங்க. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு சின்ன இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல ஹெல்த் என்ன காட்டுதுன்னு பாருங்க. நீலக்கலர்ல குட்னு இருந்தா சரி. மஞ்சள்ல காஷன்னு வந்துச்சுன்னா டிரைவர விட்டுட்டு முதல்ல கடையோட டிசைன் ஃபைல், கஸ்டமர் ஃபைல் எல்லாத்தையும் வேற இடத்துக்கு காப்பி எடுங்க. இத நாளைக்குத் தள்ளாதீங்க. டிரைவரை எப்ப வேணா போட்டுக்கலாம், பத்து வருஷ டிசைன் ஃபைல் திரும்பக் கிடைக்காது.

டிஸ்க் நல்லா இருக்குன்னா அடுத்தது டிவைஸ் மேனேஜர். விண்டோஸ் கீயையும் எக்ஸையும் சேத்து அமுக்கினா வர்ற லிஸ்ட்லயே இருக்கும். திறந்ததும் மேல வியூ மெனுல ஷோ ஹிடன் டிவைசஸ் குடுங்க. இத காலையில பிரச்சினை இருக்கும்போதே பண்ணணும், சரி பண்ணினதுக்கு அப்புறம் பாத்து பிரயோஜனம் இல்ல. சவுண்டு கார்டு பேரும், நெட்டு கேபிள் சொருகற லேன் கார்டு பேரும் மூணு விதமா இருக்கலாம். மஞ்சள் முக்கோணத்தோட இருந்தா டிவைஸ் இருக்கு, டிரைவர்தான் தகராறு. வெளிறிப் போய் சாம்பல் நிறத்துல இருந்தா முன்னாடி இந்த டிவைஸ் இருந்துச்சு, இப்போ கண்ணுல படலன்னு விண்டோஸ் சொல்லுது, அதாவது டிரைவர் பத்திரமா இருக்கு, போனது டிவைஸ். எந்த அடையாளமும் இல்லாம நல்லா இருக்கு ஆனா பேர் மட்டும் மாறியிருக்குன்னா விண்டோஸ் டிரைவரை மாத்தியிருக்கு.

மஞ்சள் முக்கோணத்து மேல டபுள் கிளிக் பண்ணா ஜெனரல் டேப்ல ஒரு கோட் நம்பர் இருக்கும். யாரும் அத படிக்கறதில்ல, பிரச்சினைய முக்கால்வாசி அந்த நம்பரே சொல்லிடும். கோட் 28ன்னா டிரைவர் இன்ஸ்டாலே ஆகல. கோட் 10ன்னா டிரைவர் இருக்கு ஆனா டிவைஸ ஸ்டார்ட் பண்ண முடியல. கோட் 39ன்னா டிரைவர் ஃபைல் கெட்டிருக்கு இல்லன்னா காணோம். கோட் 43ன்னா டிவைஸ்ல இருந்தே ஏதோ தப்புன்னு தகவல் வந்து விண்டோஸ் அத நிறுத்திடுச்சு. கோட் 45 சாம்பல் நிறத்துல இருக்கறதுக்கு வரும், இணைப்புல இல்லன்னு அர்த்தம். கோட் 52ன்னா டிரைவர்ல டிஜிட்டல் கையெழுத்து, அதாவது இது யாரும் திருத்தாத அசல்னு காட்டற முத்திரை, சரியில்ல. அதே விண்டோல ஈவென்ட்ஸ்னு ஒரு டேப் இருக்கு, விண்டோஸ் 8ல இருந்து வந்தது. அந்த டிவைஸ் எப்ப இன்ஸ்டால் ஆச்சு, எப்ப கான்ஃபிகர் ஆச்சு, எப்ப ஸ்டார்ட் ஆச்சு, எப்ப டெலீட் ஆச்சுன்னு தேதி நேரத்தோட வரிசையா எழுதி வச்சிருக்கும். நேத்து ராத்திரி கடை மூடினதுக்கும் இன்னைக்கு காலையில திறந்ததுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு அத விட நல்லா யாரும் சொல்ல முடியாது. நான் எந்த மெஷின் வந்தாலும் இன்ஸ்டால் சிடிய தேடறதுக்கு முன்னாடி இந்த டேபைத்தான் திறப்பேன்.

இப்போ டிஸ்ப்ளே. ஜி41ல இருக்கறது இன்டெல் ஜிஎம்ஏ எக்ஸ்4500 கிராஃபிக்ஸ். இன்டெல் இதுக்கு விண்டோஸ் 7 வரைக்கும்தான் டிரைவர் குடுத்தாங்க, விண்டோஸ் 10க்குன்னு ஒண்ணு அவங்க செய்யவே இல்ல. அதனால இன்டெல் சைட்ல விண்டோஸ் 10 டிரைவர்னு எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, வேற சைட்ல அப்படி ஒண்ணு கிடைச்சா அத நம்பவும் வேண்டாம். பெரும்பாலும் விண்டோஸ் 7க்கு வந்த டிரைவரை ஏத்தி ஓட்டணும், இல்ல மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டரோட இருக்கணும். எழுத்து பெருசாகுதுன்னு சொன்னீங்களே, அந்த நேரத்துல அடாப்டர் பேரு என்னன்னு பாருங்க, பேசிக் டிஸ்ப்ளேன்னுதான் இருக்கும்.

விண்டோஸ் போட்டுக் குடுத்தவரு டிஸ்ப்ளே டிரைவர் போடறதுக்கு முன்னாடி ரீஸ்டார்ட் பண்ணி ஒரு நீல ஸ்கிரீன்ல ஏதோ நம்பர் அமுக்கினாருன்னு எழுதியிருந்தீங்க. அந்த ஒரு வரிதான் எனக்கு ரொம்ப முக்கியமா பட்டுச்சு. அது ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் ஸ்கிரீன், அதுல 7 அமுக்கினா டிரைவர் கையெழுத்து பாக்கறத விண்டோஸ் நிறுத்தி வைக்கும். 64 பிட் விண்டோஸ்ல விஸ்டா காலத்துல இருந்தே கெர்னல் லெவல்ல, அதாவது விண்டோஸோட மையப் பகுதியில, ஓடற டிரைவருக்கு டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். அந்த 7க்கு ஆயுசு ஒரே ஒரு பூட்தான். கையெழுத்து இல்லாத டிரைவரோ, உள்ள இருக்கற ஃபைலை யாரோ திருத்தின டிரைவரோ அன்னைக்கு ஜோரா இன்ஸ்டால் ஆகும், ஓடும், காசு வாங்கிட்டு அவரும் போயிடுவாரு. அடுத்த ரீஸ்டார்ட்ல விண்டோஸ் மறுபடி கையெழுத்து பாக்கும், இல்ல, ஏத்தாது, கோட் 52 போட்டு நிறுத்திடும். டிரைவர் ஃபைல் எங்கயும் போகல, அங்கேயேதான் இருக்கு.

இதுக்கு டெஸ்ட் மோடுன்னு ஒரு வழி சொல்லுவாங்க, கையெழுத்து பாக்கறத நிரந்தரமா தளர்த்தி விடறது, ஸ்கிரீன் கீழ வலது மூலையில டெஸ்ட் மோடுன்னு எப்பவும் எழுதி நிக்கும். கடை மெஷின்ல தயவு செஞ்சு அத பண்ணாதீங்க. தினமும் யாரோ ஒருத்தர் பென் டிரைவ் கொண்டு வந்து சொருகற மெஷின் அது, கெர்னலுக்குள்ள எது வேணா நுழையலாம்னு கதவைத் திறந்து வைக்கக் கூடாது. அந்த டிரைவரை அன்இன்ஸ்டால் பண்ணுங்க, அன்இன்ஸ்டால் பண்ணும்போது டிரைவர் சாஃப்ட்வேரையும் டெலீட் பண்ணுன்னு ஒரு டிக் பாக்ஸ் வரும், அதையும் டிக் பண்ணுங்க. அப்புறம் இன்டெல்லோட ஒரிஜினல் விண்டோஸ் 7 64 பிட் டிரைவரை, யாரும் கை வைக்காதத, உங்க போர்டு கம்பெனி சைட்ல இருந்தோ போர்டோட வந்த சிடில இருந்தோ எடுத்து, செட்டப் ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி கம்பேடிபிலிட்டில விண்டோஸ் 7 வச்சுப் போட்டுப் பாருங்க. அதுவும் சரியா வரலைன்னா ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 10 டிரைவர் இருக்கறதா பாத்து செகண்ட் ஹேண்ட்ல வாங்கிப் போடறது நல்லது. டிசைன் வேலை பாக்கற கடைக்கு ஸ்கிரீன் தெளிவா இல்லன்னா கண்ணுதான் போகும்.

சவுண்டுக்கு வேற கதை. டிவைஸ் மேனேஜர்ல ரியல்டெக் ஹை டெஃபனிஷன் ஆடியோன்னு இருந்தது ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் வெறும் ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்னு ஆகியிருக்கான்னு பாருங்க. ஆகியிருந்தா அது மைக்ரோசாஃப்டோட பொது டிரைவர். டிரைவர் டேப்ல தேதி 21 ஜூன் 2006ன்னு இருக்கும், அத பாத்துட்டு ஐயோ இவ்வளவு பழசான்னு பயந்து அப்டேட் பண்ண ஓடாதீங்க. விண்டோஸோட கூடவே வர்ற டிரைவர் பலதுக்கும் மைக்ரோசாஃப்ட் வேணும்னே அந்த ஒரே தேதியத்தான் போடறாங்க, உள்ள இருக்கறது புதுசா இருந்தாலும். இன்டெல் சிப்செட் டிரைவர் சிலதுல 18 ஜூலை 1968ன்னு கூட வரும், அது இன்டெல் கம்பெனி ஆரம்பிச்ச நாள். ஏன் இப்படி பழைய தேதி வைக்கறாங்கன்னா, ஒரு டிவைசுக்கு ரெண்டு டிரைவர் கிடைச்சா விண்டோஸ் முதல்ல கையெழுத்து இருக்கான்னு பாக்கும், அப்புறம் எது அந்த டிவைஸ் ஐடிக்கு நெருக்கமா பொருந்துதுன்னு பாக்கும், அதுலயும் ரெண்டும் சமமா இருந்தா தேதி எது புதுசோ அத எடுத்துக்கும். பொது டிரைவர் தெரியாத்தனமா கம்பெனி டிரைவர ஜெயிச்சிடக் கூடாதுன்னுதான் அந்தப் பழைய தேதி. இதே தேதிக் கணக்குதான் உங்களுக்கு எதிராவும் வேலை செய்யும், நீங்க சிடில இருந்து போட்டது 2010 தேதின்னு வச்சுக்குங்க, விண்டோஸ் அப்டேட்ல அதே டிவைசுக்கு 2015 தேதில ஒண்ணு இருந்தா பின்னாடி அமைதியா இறக்கி வச்சுக்கிட்டு அடுத்த ரீஸ்டார்ட்ல அத ஏத்திடும், நீங்க போட்டது போயிடுச்சுன்னு நினைப்பீங்க.

இத நிறுத்த டிவைஸ் இன்ஸ்டாலேஷன் செட்டிங்ஸ்னு ஸ்டார்ட் மெனுல தேடுனா வரும், அதுல நோ குடுத்து சேவ் பண்ணுங்க. புரோ எடிஷனா இருந்தா குரூப் பாலிசில விண்டோஸ் அப்டேட்டோட டிரைவரை சேக்காதேன்னு ஒரு பாலிசி இருக்கு, அது இன்னும் உறுதி. அதுக்கப்புறம் டிரைவர் டேப்ல ரோல் பேக் பட்டன் அமுக்கற நிலையில இருந்தா அத குடுங்க, பழைய டிரைவர் திரும்பி வந்துடும், மறுபடி இன்ஸ்டால் பண்ற வேலையே இல்ல. இன்னொரு விஷயம், ஸ்பீக்கர் பின்னை கேபினட் முன்னாடி சொருகியிருக்கீங்களா பின்னாடியா? முன்னாடின்னா பின்னாடி பச்சைக் கலர் ஜாக்ல மாத்தி சொருகிப் பாருங்க. பின்னாடி கேக்குது முன்னாடி கேக்கலைன்னா டிரைவர் ஒழுங்காத்தான் இருக்கு, பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கற போர்டோட செட்டிங் ஸ்கிரீன்) ஃப்ரண்ட் பேனல் ஆடியோ ஏசி97ஆ எச்டியான்னு ஒரு செட்டிங் இருக்கும், பழைய கேபினட் ஒயருக்கு ஏசி97 வேணும், அது மாறியிருக்கும்.

அது ஏன் தானா மாறப் போகுதுன்னு கேப்பீங்க. இங்கதான் காலையில கடை திறந்தா திரும்பவும் அதேதான்னு நீங்க எழுதினது வருது. ராத்திரி கடை மூடும்போது மெயின் சுவிட்சையே அணைச்சிட்டுப் போவீங்க இல்லையா? பகல்ல கம்ப்யூட்டரை ஷட்டவுன் பண்ணியிருந்தாலும் பிளக்ல கரண்ட் இருக்கற வரைக்கும் எஸ்எம்பிஎஸ்ங்கற பவர் சப்ளை பெட்டி போர்டுக்கு 5 வோல்ட் குடுத்துட்டே இருக்கும், பயாஸ் செட்டிங்கும் கடிகாரமும் அதுல நிக்கும். மெயின் ஆஃப் ஆனா போர்டுல இருக்கற அந்த காசு மாதிரி பேட்டரி, சிஆர்2032, அதுதான் ராத்திரி முழுக்க தாங்கணும். ஜி41 போர்டெல்லாம் வந்து பதினஞ்சு வருஷம் ஆச்சு, பேட்டரிய யாராவது மாத்தியிருப்பாங்களான்னே சந்தேகம். அது செத்திருந்தா காலையில ஆன் பண்ணதும் தேதி பல வருஷம் பின்னாடி போயிருக்கும், கறுப்பு ஸ்கிரீன்ல சிமாஸ் செக்சம் எரர், எஃப்1 அமுக்குன்னு கேக்கும். கடைப்பையன் பழக்கத்துல எஃப்1 அமுக்கிட்டு உள்ள போயிருப்பான், உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டான், அவன் அத ஒரு பிரச்சினையாவே நினைச்சிருக்க மாட்டான். அந்த எரர் வந்தாலே பயாஸ் கம்பெனி செட்டிங்குக்குப் போயிருக்கும், நீங்களோ வேற யாரோ மாத்தி வச்சிருந்த ஆடியோ செட்டிங், பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு வச்சிருந்த பேரலல் போர்ட் மோடு எல்லாம் போச்சு. தேதி தப்பா இருந்தா பிரவுசர்ல எந்த சைட்டும் சர்டிஃபிகேட் சரியில்லன்னு திறக்காது, கடையில இருக்கறவங்களுக்கு அது நெட்டு போயிடுச்சுன்னுதான் தெரியும், லேன் டிரைவர் ஓடிட்டுத்தான் இருக்கும்.

ஒரு மெஷின்ல இத நேராவே பாத்தேன். மூணு பேர் லேன் டிரைவர் மாத்திப் போட்டு, கடைசில ஒருத்தர் புது லேன் கார்டே போட்டு அனுப்பியிருந்தாரு, அதுலயும் காலையில நெட்டு வரல. மல்டிமீட்டரை வச்சு பேட்டரிய அளந்தேன், 3 வோல்ட் காட்ட வேண்டியது 1.4 காட்டுச்சு. டாஸ்க்பார்ல வருஷம் 2009. பேட்டரி மாத்தி தேதிய சரி பண்ணதும் மூணு மாச வழக்கு அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. உங்க மெஷின்லயும் மத்த எதையும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்த பேட்டரிய மாத்திடுங்க, டீக்காசு மாதிரி செலவுதான், இந்த வயசு போர்டுக்கு எப்படியும் செய்ய வேண்டிய வேலை. மாத்தினதும் பயாஸ்குள்ள போய் தேதி, ஆன்போர்டு லேன், ஆன்போர்டு ஆடியோ எனேபிள்ல இருக்கான்னு ஒரு பார்வை பாத்து எஃப்10 குடுத்து சேவ் பண்ணுங்க, மொபைல்ல ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

தேதியும் சரி, பேட்டரியும் சரி, ஆனா லேன் கார்டு டிவைஸ் மேனேஜர்ல சாம்பலா இருக்கு இல்ல பேரே இல்லைன்னா, கம்ப்யூட்டருக்குப் பின்னாடி குனிஞ்சு கேபிள் சொருகற இடத்துல லைட் எரியுதான்னு பாருங்க. ரூட்டர் ஆன்ல இருந்தும் கேபிள் சொருகியும் ரெண்டு லைட்டும் செத்த மாதிரி இருந்தா சிப்பே எழுந்திரிக்கல. இதுல ரெண்டு வகை இருக்கு, எப்ப போகுதுங்கறத வச்சுப் பிரிக்கலாம். பகல்ல ரீஸ்டார்ட் பண்ணும்போது போச்சுன்னா சிப் பவர் சேவிங்ல போய் மாட்டிக்கிட்டிருக்கும், ஷட்டவுன் பண்ணி, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை முப்பது செகண்ட் அமுக்கிப் பிடிச்சு, மறுபடி சொருகி ஆன் பண்ணுங்க, பெரும்பாலும் வந்துடும். வந்தா டிவைஸ் மேனேஜர்ல லேன் கார்டோட பவர் மேனேஜ்மென்ட் டேப்ல கரண்ட் மிச்சப்படுத்த இந்த டிவைஸை ஆஃப் பண்ணலாம்ங்கற டிக்கை எடுத்துடுங்க. மாறா, ராத்திரி முழுக்க ஆறிப்போன மெஷின்ல காலையில மட்டும் வரல, பத்து நிமிஷம் ஓடினப்புறம் ரீஸ்டார்ட் பண்ணா வருதுன்னா அது போர்டு பழசானதோட அடையாளம். சைடு கதவைத் திறந்து டார்ச் அடிச்சு பிராசசரைச் சுத்தி நிக்கற கெப்பாசிட்டர்களோட தலையைப் பாருங்க, தட்டையா இருக்கணும். உப்பியிருந்தாலோ, தலையில பழுப்பா ஏதோ கசிஞ்சு காய்ஞ்சிருந்தாலோ அதுதான் காரணம், நல்லா சால்டரிங் தெரிஞ்சவர்கிட்ட குடுத்து மாத்தலாம். போர்டு போதும்னு தோணினா ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் கார்டோ யூஎஸ்பி லேன் அடாப்டரோ போட்டு பயாஸ்ல ஆன்போர்டு லேனை டிசேபிள் பண்ணிட்டு வேலையப் பாருங்க, அது தப்பே இல்ல. கார்டு போடும்போது அதோட தங்க நிற பல்லை பென்சில் ரப்பரால மெதுவா தேச்சு துடைச்சுப் போடுங்க, ராமையும் அப்படியே ஒரு தடவ எடுத்து தேச்சுப் போட்டுடுங்க, கடலோர ஊர்ல இருந்தா இத வருஷம் ஒரு தடவ செய்யறது நல்லது.

ஷட்டவுனும் ரீஸ்டார்ட்டும் ஒண்ணு இல்லங்கறதையும் தெரிஞ்சுக்கணும். விண்டோஸ் 8ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு இருக்கு. நீங்க ஷட்டவுன் குடுத்தா விண்டோஸ் முழுசா மூடாது, கெர்னலையும் டிரைவர்களையும் இருக்கற நிலையிலயே டிஸ்க்ல எழுதி வச்சுட்டு தூங்கும், மறுநாள் அதையே எடுத்து விரிச்சுக்கும். ரீஸ்டார்ட் குடுத்தாத்தான் எல்லாத்தையும் மூடி புதுசா ஏத்தும். நிறைய பேர் தலைகீழா நினைச்சுட்டு இருக்காங்க. இத வச்சு நல்லா சோதிக்கலாம், ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணா நல்லா இருக்கு, ரீஸ்டார்ட் பண்ணா போகுதுன்னா புதுசா ஏத்தும்போது டிரைவர் தடைபடுது, கையெழுத்துப் பிரச்சினை பக்கம் பாருங்க. ஷட்டவுனுக்கு அப்புறம் போகுது, ரீஸ்டார்ட் பண்ணா வந்துடுதுன்னா ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்போ பேட்டரியோ ஆறிப்போன போர்டோதான். இந்த வயசு மெஷின்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வேண்டவே வேண்டாம், எஸ்எஸ்டி இருக்கறதால வித்தியாசமும் பெருசா தெரியாது. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் என்ன செய்யணும்னு தேர்ந்தெடுக்கற இடத்துல போய் அந்த டிக்கை எடுத்துடுங்க.

பிரிண்டரும் சில நாள் போகுதுன்னு கடைசில ஒரு வரி எழுதியிருந்தீங்க. யூஎஸ்பி பிரிண்டரை வேற போர்ட்டுல மாத்தி சொருகினா விண்டோஸ் அத புது பிரிண்டரா எடுத்துட்டு காப்பி 1ன்னு இன்னொண்ணு உருவாக்கும், பழையது ஆஃப்லைன்னு நிக்கும், டிரைவர் எங்கயும் போகல. கேபிளை எந்த ஓட்டையில சொருகினீங்களோ அங்க ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அதையே எப்பவும் பயன்படுத்துங்க.

விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டா இந்தத் தொல்லையே இல்லைன்னு ஒருத்தர் சொன்னதா எழுதியிருந்தீங்க. நானும் பழைய மெஷின்ல லினக்ஸ் மின்ட் போட்டுக் குடுக்கறவன்தான், ஜி41 கிராஃபிக்சும் ரியல்டெக் லேனும் லினக்ஸ்ல கெர்னல்லயே இருக்கு, தனி டிரைவரே வேண்டாம். ஆனா அங்கயும் ரீஸ்டார்ட்டுல காணாம போறது உண்டு. பென் டிரைவ்ல இருந்து லைவா ஓட்டினா எது போட்டாலும் அடுத்த பூட்ல இருக்காது. தனியா கம்பைல் பண்ணிப் போட்ட வைஃபை டிரைவர் கெர்னல் அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் பண்ணதும் போயிடும், ஏன்னா அது பழைய கெர்னலுக்குக் கட்டினது, டிகேஎம்எஸ் முறையில போட்டிருந்தா புதுக் கெர்னல் வரும்போது தானா மறுபடி கட்டிக்கும். எச்பி லேசர்ஜெட் 1020 மாதிரி பிரிண்டர் வச்சிருந்தா இன்னொண்ணும் இருக்கு, அதுக்குள்ள ஃபர்ம்வேர் (பிரிண்டரை இயக்கற உள் சாஃப்ட்வேர்) நிரந்தரமா கிடையாது, ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் கம்ப்யூட்டர்தான் அனுப்பணும், விண்டோஸ் டிரைவர் அத சத்தமில்லாம செய்யும், லினக்ஸ்ல அதுக்கான பிளகின் போடலைன்னா ஆஃப் பண்ணி ஆன் பண்ணதும் பிரிண்டர் ஊமையாயிடும். டிடிபி கடைக்கு நீங்க பயன்படுத்தற டிசைன் சாஃப்ட்வேர் விண்டோஸ்லதான் ஓடும், அதனால இப்போதைக்கு மாற வேண்டாம்னுதான் சொல்வேன். விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் 14 அக்டோபர் 2025ஓட முடிஞ்சிடுச்சு, அத மனசுல வச்சு பேங்க் வேலைய மட்டும் இந்த மெஷின்ல செய்யாதீங்க.

இன்னொரு எச்சரிக்கை, எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட விடுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஓட விடலாம், கெடுதல் இல்ல, ஆனா அது விண்டோஸோட சொந்த ஃபைல்களைத்தான் சரி பண்ணும், நீங்க தனியா போட்ட கம்பெனி டிரைவரைத் தொடாது. அதுல எரர் இல்லைன்னு வந்துச்சுன்னு நிம்மதியாயிடாதீங்க.

இன்னைக்கு ராத்திரி கடை மூடறதுக்கு முன்னாடி பேட்டரிய மாத்துங்க, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுங்க, டிவைஸ் இன்ஸ்டாலேஷன் செட்டிங்ஸ்ல நோ குடுங்க, கையெழுத்து இல்லாத அந்த டிஸ்ப்ளே டிரைவரை எடுத்துட்டு ஒரிஜினல போடுங்க. நாளைக்கு காலையில நீங்களே பக்கத்துல நின்னு ஆன் பண்ணுங்க, கறுப்பு ஸ்கிரீன்ல என்ன எழுதுதுன்னு படிங்க, மொபைல்ல வீடியோ எடுத்தாலும் நல்லது. எது வரலையோ அதோட கோட் நம்பரும் ஈவென்ட்ஸ் டேப்ல கடைசி அஞ்சு வரியும் எழுதி அனுப்புங்க, அத வச்சு மேற்கொண்டு சொல்றேன். எல்லாம் ஒரு வாரம் ஒழுங்கா நின்னுச்சுன்னா பவர்ஷெல்லை (விண்டோஸ்ல கமாண்டு அடிக்கற இடம்) அட்மினா திறந்து எக்ஸ்போர்ட்-விண்டோஸ்டிரைவர் கமாண்டை ஆன்லைன் ஆப்ஷனோட குடுத்து, டெஸ்டினேஷனா டி டிரைவ்ல ஒரு ஃபோல்டரைக் காட்டுங்க. விண்டோஸோட வராத, தனியா போட்ட டிரைவர் எல்லாத்தையும் அது அந்த ஃபோல்டர்ல எடுத்து வச்சுடும். அத ஒரு பென் டிரைவ்ல காப்பி பண்ணி, போர்டு மாடல் நம்பரை பேப்பர்ல எழுதி ஒட்டி, கல்லாப்பெட்டிக்குள்ள போட்டு வைங்க. அடுத்த தடவ யார் வந்து விண்டோஸ் போட்டாலும் முதல்ல அந்த பென் டிரைவை அவர் கையில குடுங்க.